பழைய டர்போக் கார் வாங்கப் போகும் நண்பர்களுக்கு

படிப்பை முடிக்கும் நிலையிலுள்ள மன்றத்து நண்பர்கள் அண்மைக் காலமாக அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது; சேமிப்பும் பாங்கிக் கடனுமாகச் சில லட்சம் ரூபாய் தேறும்; அந்தத் தொகைக்குச் சாதுவான புதுக் கார் ஒன்றை வாங்குவதா, அல்லது கால் வைத்தவுடன் பாய்கிற பழைய டர்போக் கார் ஒன்றை வாங்குவதா என்பதே அக்கேள்வி. கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். ஆகவே, வாங்காதே என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்வதுதான் உதவி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரைப் பழையதாக வாங்குபவர் வண்டியை வாங்குகிறார். டர்போக் காரைப் பழையதாக வாங்குபவரோ, வண்டியோடு முன் சொந்தக்காரருடைய பழக்க வழக்கங்களையும் சேர்த்து வாங்குகிறார். அவர் ஆயிலை ஒழுங்காக மாற்றினாரா, குளிர்ந்த எஞ்சினை விரட்டினாரா, கம்ப்யூட்டரைத் திருத்தி அதிக சக்தியைப் பிழிந்தெடுத்தாரா என்பவை யாவும் உலோகத்தில் பதிந்து கிடக்கின்றன. ஆனால் அவை பெயிண்டைப் போலப் பார்த்தவுடன் தெரிவதில்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளும் வழிகளைப் பற்றியே இக்கட்டுரை.

ஹாட் ஹாட்ச் என்று கார்ப் பித்தர்கள் சொல்வது, பின்புறம் டிக்கி தனியாக நீளாத சிறிய குடும்பக் காரில், அதன் அளவுக்கு மீறிய எஞ்சினைப் பொருத்திய வண்டியை. 1976-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ. இவ்வகைக்குப் பெயர் தேடித் தந்தது. அதில் டர்போ கிடையாது. பின்னால் வந்தவைதாம் டர்போவைச் சேர்த்துக்கொண்டன. கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு 2025-இல் இறக்குமதியாக வந்தது. விலை ஐம்பது லட்சத்துக்கு மேல். அதைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. நம் கைக்கு எட்டுபவை இந்நாட்டிலேயே செய்யப்பட்ட சிறிய டர்போக்கள். அவற்றில் சில, நாம் படிக்கும் இந்தப் புனே நகரைச் சுற்றியே பிறந்தவை.

டர்போ என்பது யாது?

எஞ்சினுக்குள் எரிவது பெட்ரோல் மட்டுமல்ல; காற்றும் சேர்ந்துதான் எரிகிறது. ஒரு பங்கு எடை பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடை காற்று வேண்டும். ஆகவே எஞ்சினுடைய சக்தி என்பது, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியும் என்பதைப் பொறுத்தது. சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும் உறிஞ்சலாலேயே காற்றை இழுக்கிறது. டர்போ உள்ள எஞ்சினில், சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருந்து, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அழுத்தினால் காற்று சூடேறும், சூடேறினால் விரியும். அதனால் அதை இன்டர்கூலர் என்னும் ரேடியேட்டர் போன்ற பெட்டி வழியாகக் குளிர்வித்து அனுப்புகிறார்கள். ஒரு லிட்டர் எஞ்சின் ஒன்றரை லிட்டர் எஞ்சினைப் போல இழுக்கும் ரகசியம் இதுதான். ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பியூக்கி இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

இந்தச் சக்கரங்கள் எலுமிச்சம்பழ அளவே இருக்கும். ஆனால் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றை நெருங்கும். சிலவற்றில் அதையும் தாண்டும். ஒரு பக்கம் 900 டிகிரிச் சூட்டில் புகை. மறு பக்கம் வெளிக்காற்று. இடையே உள்ள அச்சு, பெரும்பாலான டர்போக்களில் குண்டு பேரிங்கில் உட்காருவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. அந்த ஆயில் எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயில்தான். அது பழசாகிக் கெட்டியானாலும், சூட்டில் கருகிக் குழாயில் அடைத்துக்கொண்டாலும், கெடுவது முதலில் டர்போதான். பழைய டர்போக் காரைச் சோதிப்பதில் பாதி வேலை ஆயிலைப் பற்றிய விசாரணை என்பது இதனால் விளங்கும்.

எந்த வண்டி?

சந்தையில் அதிகம் கண்ணில் படுவது ஃபோக்ஸ்வாகன் போலோ. புனேயை அடுத்த சாக்கன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி. 2022-இல் இந்தியாவில் விற்பனை நின்றுபோயிற்று. போலோ டி.எஸ்.ஐ. என்று 2013-இல் வந்ததும், 2020-இல் வந்ததும் பெயரளவில் உறவினரே தவிர எந்திர அளவில் வேறு வேறு. முன்னதில் 1.2 லிட்டர் எஞ்சின், 105 குதிரை சக்தி, டி.எஸ்.ஜி. எனப்படும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமாட்டிக். பின்னதில் 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 குதிரை சக்தி. கியர் பெட்டியோ ஆறு கியர் மானுவல், அல்லது பழைய முறையிலான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமாட்டிக். என் அபிப்பிராயத்தில், மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றது 2020-க்குப் பிந்தைய மானுவல்தான். அதே குடும்பத்து 1 லிட்டர் எஞ்சின் டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா ஆகிய கார்களிலும் வந்ததால், போலோ போனாலும் எஞ்சின் பாகங்களுக்குத் திண்டாட்டம் இராது.

2013 முதல் வந்த டி.எஸ்.ஜி. வண்டி ஓட்டுவதற்கு அமிர்தம். ஆனால் அதிலுள்ள இரு கிளட்சுகளும் ஆயிலில் நனையாத உலர்ந்த வகை. நம் நகரங்களின் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஊர்ந்து அவை தேய்கின்றன. கியர்களை மாற்றும் மெக்கட்ரானிக் என்ற மின் எண்ணெய்ப் பெட்டி பழுதானால் லட்சக் கணக்கில் பில் வரக்கூடும். இதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பணமும் வைத்துக்கொண்டு வாங்குபவர் வாங்கலாம்.

அபார்த் புன்டோ வேறொரு கதை. ஃபியட் கம்பெனியார் 2015-இல் கொண்டு வந்தார்கள்; இதுவும் நமக்கு அருகே ரஞ்சன்காவில் பிறந்தது. 1.4 லிட்டர், 145 குதிரை சக்தி. அக்காலத்தில் அந்த விலைக்கு அந்த வேகம் வேறெதிலும் கிடைக்கவில்லை. எஞ்சினும் முரட்டு எஞ்சின். பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே தெளிக்கும் பழைய முறை, ஆதலால் வால்வில் கரி படியும் தொல்லை குறைவு. ஆனால் ஃபியட் கார்கள் இந்நாட்டில் விற்பனையை நிறுத்தி ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க மனமும், வீட்டில் இன்னொரு வண்டியும் உள்ளவர்களுக்கே அது.

மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017 முதல் 2020 வரை விற்றது. 1 லிட்டர் பூஸ்டர்ஜெட் எஞ்சின், 102 குதிரை சக்தி. பாய்ச்சல் சற்றுக் குறைவு; ஆனால் அதே வகை எஞ்சின் 2023-இல் ஃபிரான்க்ஸ் காரில் மீண்டும் வந்திருப்பதால் கவலையும் குறைவு. இதை வாங்குபவர் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் கம்பெனியார் 7,213 பலேனோ ஆர்.எஸ். வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூமில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிரேக்கைப் பற்றிய விஷயமாதலால் விற்பவர் வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடக்கூடாது.

டாட்டா டியாகோ ஜே.டி.பி. கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனத்தாரின் கைவண்ணம் கலந்தது. 2018-இல் வந்து, பி.எஸ்.6 விதி வந்த 2020-க்குப் பின் தொடராமல் நின்றது. 114 குதிரை சக்தி, மலிவு, நன்கு பராமரித்த வண்டி அகப்பட்டால் விடவேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹூண்டாய் ஐ-20 என் லைன் 2021-இல் வந்தது. 120 குதிரை சக்தி. இவற்றில் வயது குறைந்தது இதுவே, ஆகவே விலையும் அதிகம். இதன் டி.சி.டி. ஆட்டோமாட்டிக்கும் இரட்டைக் கிளட்ச் வகைதான் என்பதை மறக்கவேண்டாம்.

பில்லைப் பார்த்த பிறகே வண்டி

நம்மவர்கள் செய்யும் முறை தலைகீழானது. முதலில் வண்டியைப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டி, மனத்தைப் பறிகொடுத்த பிறகுதான் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்கிறார்கள். அப்போது புத்தகம் தொலைந்துவிட்டது என்றாலும் தலை ஆடிவிடுகிறது. போனிலேயே முதலில் பில்களைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கதை தானாக விரியும்.

கம்பெனிகள் சில 10,000, சில 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கின்றன. அல்லது ஓராண்டு, எது முன்னதோ அது. அந்த 'ஓராண்டு' என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரே ஓடிய வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாண்டு ஒரே ஆயிலோடு, தினமும் எஞ்சின் முழுச் சூடு ஏறாத சிறு தூரமாக ஓடியிருந்தால், அந்த 12,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய 60,000-ஐவிட மோசம். 7,500-க்கு ஒருமுறை மாற்றி, பில்லையும் வைத்திருக்கிற மனிதர் அகப்பட்டால், அவர் வண்டிக்குச் சற்று அதிக விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மீட்டரைப் பின்னுக்குச் சுற்றும் கலை இன்னும் அழிந்துவிடவில்லை. பில்லில் உள்ள கிலோமீட்டர்கள் ஏறுவரிசையில் போகின்றனவா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2018-இல் வாங்கி 25,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் 2022-ஆம் ஆண்டு டயர் நான்கும் இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு விரைவில் போயின என்று கேட்க நியாயம் உண்டு. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் தேய்ந்த அளவு ஒரு விளிம்பாகத் தட்டுப்படும். கிளட்ச் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் பொய் சொல்வதில்லை.

குளிர்ந்த எஞ்சின்

வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லும்போதே, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். காலை நேரமே உகந்தது. போய்ச் சேர்ந்ததும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காரணத்தைக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே மேல். பேருந்துச் செலவு வீண்தான். ஆனால் டர்போ எஞ்சினுடைய நோய்களில் பாதி முதல் அரை நிமிஷத்தில்தான் வாய் திறக்கும்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது குற்றமல்ல. அளவு குறைந்திருப்பது குற்றம். ஆயில் மூடியின் அடிப்புறத்தில் கெட்டித் தார் போலப் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டிய வண்டி. மோர் போல வெளுத்துக் குழைந்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். சிறு தூரமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் ஈரம் படிந்தும் இவ்வாறு சிறிது இருக்கலாம். கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தால், அதாவது குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், அது எங்கோ ஒழுகியதற்குச் சாட்சி. டர்போவையும் கூலன்ட் சுற்றிக் குளிர்விக்கும் வண்டிகளில் இது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயமன்று.

இப்பொழுது ஒரு நண்பரைப் பின்னால் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் முன்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடிக்கு மேல் கடகடவென்று சங்கிலி ஓசை கேட்டால், டைமிங் செயின் உள்ள வண்டியில் செயின் நீண்டிருக்கலாம். பெல்ட் உள்ள வண்டியில் ஓசையே கேளாது. அறுந்த பிறகுதான் தெரியும். அதற்கு வயதும் பில்லும்தான் சாட்சி. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நீலமாகக் குப்பென்று வந்தால் டர்போவின் சீல் அல்லது வால்வு சீல் பக்கம் சந்தேகம் போகும். கறுப்பு, பெட்ரோல் மிகுதி. குளிர் காலையில் வரும் வெள்ளை ஆவி சில நிமிஷத்தில் மறைந்துவிடும். மறையாமல் தித்திப்பு வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது.

டர்போவையே நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் மெக்கானிக்கைக் கொண்டு காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லலாம். இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அணுவளவு ஆடும்; அதைக் கண்டு டர்போ போய்விட்டது என்று பயமுறுத்தி விலையைக் குறைப்பவர்களும் உண்டு. ஆயில் படலத்தில் மிதக்க வேண்டிய அச்சு, நிற்கும்போது சிறிது ஆடத்தான் செய்யும். அச்சின் வாக்கில், அதாவது உள்ளும் வெளியுமாக, கைக்குத் தெரியும்படி ஆடினால்தான் தேய்மானம். சக்கரத்து இறக்கை நுனி சுவரில் உரசிய தழும்பு இருந்தால் பேச்சே வேண்டாம். குழாயில் ஆயில் மெல்லிய பூச்சாக இருப்பது இயல்பு. தேங்கி நிற்பது இயல்பல்ல.

ஓட்டிப் பார்த்தல்

ஊருக்குள் ஒரு தெருவைச் சுற்றி வருவது ஓட்டிப் பார்ப்பதாகாது. மேட்டு வழி வேண்டும். நமக்குக் கட்ரஜ் மலைப்பாதை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. எஞ்சின் சூடேறியபின், மானுவல் வண்டியாயின் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1,800 சுற்று அளவில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். சுற்று முள் விர்ரென்று ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சாதாரணக் காரில் மறைந்து கிடக்கும் இந்தக் குறை, டர்போவின் திடீர் இழுப்பில் வெளிப்பட்டுவிடும்.

டர்போ ஓசைக்கும் இலக்கணம் உண்டு. மெல்லிய சீழ்க்கை நல்லது. தீயணைப்பு வண்டியின் சங்கு போல ஏறி இறங்கும் ஓசை பேரிங் தேய்வைக் காட்டும். அழுத்தும்போது புஸ்ஸென்று காற்றுப் போகும் ஓசையும் இழுப்புக் குறைவும் சேர்ந்தால் எங்கோ குழாய் வெடித்திருக்கிறது; இது சில ஆயிரத்தில் தீரும், பயப்படவேண்டாம். சும்மா நிற்கும்போது எஞ்சின் தள்ளாடுவதும், குளிரில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிப்பதும் வால்வில் கரி படிந்ததால் இருக்கலாம். சிலிண்டருக்குள் நேரே பெட்ரோலைத் தெளிக்கும் டி.எஸ்.ஐ., பூஸ்டர்ஜெட் போன்ற எஞ்சின்களில் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆகவே கரி சேருகிறது. சுத்தம் செய்யலாம்.

டி.எஸ்.ஜி. வண்டியைச் சோதிக்க வேகம் வேண்டியதில்லை, நெரிசல் வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பு குலுங்குகிறதா, மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது நடுங்குகிறதா, அரைமணி ஊர்ந்தபின் கியர் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபோக்ஸ்வாகனுக்கே உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போங்கள். கிளட்ச் எவ்வளவு தேய்ந்தது என்பதை அந்தக் கருவி எண்ணாகவே சொல்லும். எந்த டர்போ வண்டிக்கும் ஓ.பி.டி. ஸ்கேன் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம். இங்கே ஒரு சூழ்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வருமுன் பிழைக் குறிகளை அழித்து வைத்திருப்பார்கள். அழித்தால் வண்டியின் சுயசோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பல மைல் ஓடினால்தான் முடியும். பிழை ஒன்றுமில்லை, சோதனைகளும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ துடைத்திருக்கிறார்கள்.

ரீமேப் என்னும் மாயம்

டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கணக்கைத் திருத்தினால், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் இருபது முப்பது குதிரை சக்தியைக் கூட்டிவிடலாம். இதைத்தான் ஸ்டேஜ் ஒன் ரீமேப் என்கிறார்கள். வாங்குபவர் கண்ணில் இது ஓர் இலவச இணைப்பாகத் தோன்றுகிறது. விற்பவரும் அப்படியே விளம்பரம் செய்கிறார். உண்மையில், அதிகச் சக்தி எங்கிருந்தும் இலவசமாக வரவில்லை. டர்போ, கிளட்ச், பிஸ்டன், கியர் பெட்டி ஆகியவற்றின் ஆயுளிலிருந்து முன்பணமாக எடுத்தது. போலோவின் உலர்ந்த கிளட்ச் டி.எஸ்.ஜி. தாங்கும் முறுக்கு விசையின் எல்லை 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்தது 175. அந்த இடைவெளி தயாரித்தவர்கள் ஆயுளுக்காக வைத்த இடைவெளி.

திருத்தியவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. சிலர் வண்டியை நம்மைவிட அருமையாகக் காப்பவர்கள். ஆயிலைப் பாதி தூரத்திலேயே மாற்றி, 95 ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோலைத் தொடாதவர்கள். அவர்கள் மறைக்கமாட்டார்கள். யார் செய்தது, எப்போது, என்ன பில் என்று எல்லாம் காட்டுவார்கள். பயப்பட வேண்டியது, விற்பதற்காகப் பழைய கணக்கை ஏற்றிவிட்டு மௌனமாயிருப்பவரிடம். ஏர் ஃபில்டர் பெட்டியில் புதிய கிளிப்புகள், சைலன்சரில் வெல்டிங் தழும்பு, டாஷ்போர்டில் மீட்டர் ஒட்டியிருந்த பசை, தேய்ந்துபோன முன் டயர், கம்பெனி சர்வீஸ் வரலாறு திடீரென்று ஓராண்டு நின்று போனது, இவையெல்லாம் கூடி ஒரு வண்டியில் இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

சட்டமும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறான வண்டியைப் பதிய முடியாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இடமுண்டு.

அடிபட்ட வண்டி, முழுகிய வண்டி

இவை எல்லாப் பழைய கார்களுக்கும் பொதுவாதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கிய வண்டிகளில் அடிபட்டவை அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன் மட்கார்டுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு, கதவு ரப்பருக்குள் பெயிண்ட் சிதறல், கண்ணாடிகளில் ஒன்றுக்கு மட்டும் வேறு ஆண்டு முத்திரை, இன்டர்கூலரில் நசுங்கல் ஆகியவற்றைப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் முழுகிய வண்டிகள் எத்தனையோ. கழுவித் துடைத்து வேறு ஊர்களுக்குப் போனவையும் அவற்றில் இருக்கும். கம்பளத்தைத் தூக்கி வண்டலைத் தேடுங்கள். ஸீட் தண்டவாளத்தின் துரு, ஸீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தெரியும் சேற்றுக் கோடு, இவற்றை வாசனைத் திரவியம் மறைக்காது.

காகிதங்கள்

புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இன்னொரு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னாலும், ஆர்.சி.யில் உள்ள பெயர்க்காரரை நேரில் பார்க்காமல் பணம் தரலாகாது. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் கடன் நிலுவை, இன்சூரன்ஸ், அபராதச் சீட்டு ஆகியவை தெரியும். கடன் இருந்தால் பாங்கியின் என்.ஓ.சி.யும் 35-ஆம் நமூனாவும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் நமூனாக்கள். பெயர் மாறாதவரை விபத்துப் பொறுப்பு ஆர்.சி.யில் உள்ளவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றத்தில் அக்கறை காட்டாத விற்பனையாளர் விஷயம் அறியாதவர், அல்லது வேறெதையோ அறிந்தவர். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்; பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மஹாராஷ்டிர வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் நமூனாவில் என்.ஓ.சி. பெற வேண்டும், அங்கே வண்டியின் வயதையும் விலையையும் பார்த்து வரி கட்ட வேண்டும். இங்கே மலிவாகக் கிடைத்த வண்டி, ஊர் போய்ச் சேர்ந்தபின் மலிவாக இராமல் போவது இதனால்தான். ஆறு மாதத்தில் ஊர் திரும்பப் போகிறவர் சென்னையிலோ கோவையிலோ தேடுவதே புத்திசாலித்தனம்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்பொழுது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20. 2023-க்கு முந்திய வண்டிகள் பலவும் பத்து சதவிகிதத்துக்கென்று வடிவமைத்தவை. கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்து, பெட்ரோல் குழாய்களின் ரப்பர் நிலையை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

விலை பேசும்போது, கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். முன்னவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். அதன் பிறகு முதல் 500 கிலோமீட்டரில் இரண்டு முறையாவது ஆயில் கம்பியை இழுத்து அளவைக் குறித்து வையுங்கள். குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். விற்றவரிடம் பேசுவதற்கும் அப்போதுதான் முகம் இருக்கும். மலைப்பாதையில் விரட்டி வந்து நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். சூடேறிய டர்போவுக்குள் ஆயில் நின்று கருகாமலிருக்க அந்த ஒரு நிமிஷம் போதும்.